சிவப்பு அட்டைக்குப் பஞ்சு

அவருக்கு வாலண்ணன் என்று பெயர் வைத்தவள் நான்தான். எலிக்குஞ்சின் வாலை இரண்டு விரலால் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார். ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார். பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருக்கும், சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது, கண் திறந்திருக்காது, மேலெல்லாம் செக்கச்செவேல் என்று இருக்கும். மற்றவர்கள் மூன்று வாரம் கழித்துப் பார்த்தாலே ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போடுவார்கள். இவர் தபால் முத்திரை குத்துகிற மாதிரி டக் டக்கென்று பிரித்துக்கொண்டே போவார். பெயரைக் கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தலைக்கனம் இல்லாத பெயராகத்தான் வைத்திருக்கிறாய் என்று சிரித்தார்.

எங்கள் வேலை ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் பின்பக்கக் கட்டடத்தில். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, பூந்தொட்டி எல்லாம் உண்டு. பின்பக்கம் எலியும் நாங்களும். நான் கூண்டு கழுவுகிறவள். மரத்தூளைக் கொட்டி, பிளாஸ்டிக் தொட்டியைச் சுரண்டி, கொதிநீர் இயந்திரத்துக்குள் தள்ளி, வெளியே வருவதைத் துடைத்து அடுக்க வேண்டும். ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள், எந்த வருஷமும் நிறுத்திவிடலாம். வாலண்ணன் நிரந்தரம். இருபத்திரண்டு வருஷம் குட்டி போடுகிற அறையிலேயே இருந்தவர். ஆண் எலி இருக்கும் கூண்டில் நீல அட்டை தொங்கும், பெண் எலிக்குச் சிவப்பு. சிவப்பு அட்டையைப் பார்த்தால் ஒரு சிட்டிகை பஞ்சு உள்ளே போட வேண்டும், குட்டிக்குக் கூடு கட்டிக்கொள்ள. அவர் கோட்டுப் பையில் எப்போதும் பஞ்சு இருக்கும். பேசிக்கொண்டே நடப்பார், கை தானாகப் போய்ப் போட்டுவிட்டு வரும்.

எங்களிடம் இரண்டு ஜாதி எலி. ஒன்று வெள்ளை. அது சாது, தூக்கினால் தூங்கிவிடும். இன்னொன்று கறுப்பு. அதற்கு என்னைப் போல வாய், எடுத்த எடுப்பில் கடிக்கும். கறுப்பு எங்கள் வீட்டுச் சரக்கு. இருபது வருஷத்துக்கு மேலாக அண்ணனையும் தங்கையையும் சேர்த்துச் சேர்த்தே வளர்த்து, ஒன்றுக்கொன்று அச்சடித்த மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். வெளியே காசு கொடுத்தாலும் அது கிடைக்காது. அந்த வம்சாவளி முழுக்க வாலண்ணன் கையால் எழுதிய பதிவேடுகளில்தான் இருந்தது.

அந்தப் பெண் வந்தது அப்போதுதான். ஆய்வு மாணவி, இருபத்தைந்து வயதிருக்கும். அப்பா பஸ் டிரைவர். முன்பக்கத்து ஆட்கள் எங்கள் பக்கம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். என்னை அக்கா என்பாள், அவரை அண்ணா என்பாள். என்னம்மா ஆராய்ச்சி என்று கேட்டேன். விரட்டவில்லை, உட்கார்ந்து சொன்னாள். சில விஷம் மூளைக்குள் போய், கை கால் ஆட்டத்தைக் கட்டுப்படுத்துகிற இடத்தை மட்டும் அழிக்குமாம். மனிதர்களுக்கு வந்தால் கை நடுங்கும், நடை தட்டுத் தடுமாறும். ஆனால் ஒரே விஷம், ஒரே அளவு, ஒருவர் விழுகிறார், பக்கத்தில் இருப்பவர் நிற்கிறார். ஏன்? பரம்பரையாலா, ஆண் பெண் என்பதாலா? அதைப் பார்க்கத்தான் கறுப்பில் ஆண் பெண், வெள்ளையில் ஆண் பெண் என்று நான்கு கூட்டம், கூட்டத்துக்கு இருபத்துநான்கு. எல்லாம் சேர்ந்து தொண்ணூற்றாறு எலி. பாதிக்கு ஒரு நாள், மீதிக்கு இன்னொரு நாள் என்று இரண்டு தவணையில் ஊசி.

ஊசி போடும் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்த நேரம் பார்த்து வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். புது ஆள் வரும்வரை குட்டி அறையோடு அதையும் பார்க்கச் சொல்லி வாலண்ணனிடம் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. வளர்ப்பார், எண்ணிக் கொடுப்பார், கதவுக்கு அந்தப்பக்கம் என்ன நடக்கிறது என்று கேட்கமாட்டார். கேட்டால் வளர்க்க முடியாது என்று ஒருமுறை சொன்னார்.

முதல் தவணை ஊசி மத்தியானம் போட்டார்கள். ஊசிக்குப் பிறகு எலி முதுகைக் கூனிக்கொண்டு, மயிர் சிலிர்த்து, தொட்டால் ஜில்லென்று ஆகிவிடுமாம். நான் பார்த்ததில்லை, அவர் சொல்லித்தான் தெரியும். அந்த அறையோ ஏசி போட்ட அறை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டுப் போனார். காலை ஆறு மணிக்கு வந்து திறந்தால், கறுப்பில் நீல அட்டைக் கூண்டுகளில் பாதி செத்துக் கிடந்தது. சிவப்பு அட்டைக் கூண்டில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஒவ்வொன்றிலும் பஞ்சுக் கூடு, அதற்குள் எலிகள் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தன. பூட்டுவதற்கு முன்னால் அவர் கை பழக்கதோஷத்தில் போட்டிருக்கிறது. ஊசி அறையில் கூண்டுக்குள் கூடுதலாக எதுவும் வைக்கக் கூடாது, எல்லாக் கூண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது விதி. மனுஷன் பதறிப்போய்ப் பஞ்சை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டார். அந்தப் பெண் வருவது ஒன்பது மணிக்கு.

இரண்டாவது தவணை முடிந்த மறுநாள் கூண்டுகள் என்னிடம் கழுவ வந்தன. தண்ணீர் வடிகிற சல்லடையில் பஞ்சு சிக்கியது. ஊசி அறைக் கூண்டில் பஞ்சுக்கு என்ன வேலை? எனக்குத்தான் எதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதே, நேராகப் போய்க் கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

“முதல் தடவை கை போட்டுச்சும்மா,” என்றார். “ரெண்டாவது தடவை நான்தான் போட்டேன்.”

சாவதைப் பார்த்த பிறகு போடாமல் இருக்க முடியவில்லை என்றார். அப்படியானால் ஆணுக்கும் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். ஆண் எலி பஞ்சுக்காக அடித்துக்கொண்டு ரத்தக் காயம் ஆகும், காயத்தைப் பார்த்தால் கேள்வி வரும், அதோடு பஞ்சும் அவ்வளவு கையில் இல்லை என்றார். போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார்.

நான்தான் தடுத்தேன். எலிக்குப் பஞ்சு போட்டதற்கு யாராவது ஊரைக் கூட்டுவார்களா, அந்தப் பெண் ஆறு மாசம் பட்ட பாட்டைக் கெடுக்காதீர்கள், வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று அதட்டினேன். நல்ல எண்ணத்தில் சொன்னேன் என்றுதான் ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அடுத்த மாதம் எனக்கு ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பஞ்சைப் பார்த்தவள் நான், சொல்லாமல் விட்டவள் நான், விசாரணை என்று வந்தால் முதலில் வெளியே போவதும் நானாகத்தான் இருக்கும். அதுதான் காரணம், வேறு ஒரு மண்ணும் இல்லை.

முடிவு வந்த அன்று அந்தப் பெண் பிஸ்கட் பாக்கெட்டோடு ஓடி வந்தாள். வெள்ளையில் அந்த விஷம் ஆண் பெண் எதையும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லையாம். கறுப்பில் ஆண்கள் மடிகின்றன, பெண்கள் தப்பிக்கின்றன. அவளுடைய பேராசிரியர் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுக் கைகொடுத்தாராம்.

“இதுல பொண்ணாப் பொறந்ததே ஒரு கவசம்க்கா,” என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

எங்கள் இரண்டு பேர் கையிலும் பிஸ்கட் அப்படியே இருந்தது. வாலண்ணன் என்னைப் பார்த்தார். நான் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. வெளியூரில் பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. போகும்போது எங்கள் கறுப்பு எலியில் நூறு கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வாலண்ணனே பிரித்து, பெட்டியில் காற்று ஓட்டை சரியாக இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்து அனுப்பி வைத்தார். ஒரு வருஷம் போனது. எனக்கு ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். அவருக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. நான் அந்த விஷயத்தை மறந்தே போனேன் என்று சொல்ல ஆசைதான். சல்லடையைக் கழுவும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

பிறகு ஒருநாள் காலையில் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். அங்கே அதே எலி, அதே விஷம், அதே அளவு. பெண்களும் ஆண்களைப் போலவே செத்திருக்கின்றன, நூறும் தீர்ந்துபோயிற்று. அங்கே இருந்தவர்கள் அவளை உட்கார வைத்து, எண்களை நீயாகப் போட்டாயா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் எங்கே தப்பு என்று காட்டாவிட்டால் வேலையும் போகும், பட்டமும் போகும், பொய்க்காரி என்ற பெயர் மட்டும் தங்கும். பெண்ணை இவ்வளவு தூரம் படிக்க வைத்த அந்த பஸ் டிரைவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள்.

மூன்று நாள் எங்கள் சரக்கறையில் தரையில் உட்கார்ந்து பதிவேடுகளைப் புரட்டினாள். பழைய அட்டைகளை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். நான் வழியில் கூண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவள் காலை மடக்கி வழிவிட்டு, “ஸாரிக்கா,” என்பாள். அந்த ஸாரியைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

மூன்றாம் நாள் மத்தியானம் வாலண்ணனிடம் வந்தாள். கேட்பதற்கே கூச்சப்பட்டாள், சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தாள். மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டாளாம், ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

“அண்ணா, தப்பா நினைக்காதீங்க. நீங்க பிரிச்சுக் குடுத்ததுல ஆண் பெண் மாறியிருக்க வாய்ப்பு இருக்கா?”

நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு அப்போது புத்தி மின்னல் வேகத்தில் வேலை செய்தது, பாழாய்ப்போன புத்தி. ஆமாம் என்று சொன்னால் அவள் பொய்க்காரி இல்லை என்று ஆகிவிடும். வயசானவர் கண் தவறிவிட்டது என்றால் யாரும் இவரையும் கடித்துக் குதற மாட்டார்கள். பஞ்சு வெளியே வராது. பஞ்சைப் பார்த்தவளும் வெளியே வரமாட்டாள். ஆமாம் என்று சொல்லச் சொல்லி அவருக்குக் கண்ணைக் காட்டினேன், தலையையும் ஆட்டினேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கண்ணு முன்ன மாதிரி இல்லம்மா. மாறியிருக்கலாம்.”

இத்தனை வருஷத்தில் ஒரு குஞ்சைக்கூட மாற்றிப் பிரிக்காத மனுஷன். அவருக்கு என்று பெருமை கொள்ள இருந்ததே அது ஒன்றுதான். அதை எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வருத்தப்படாதீங்கண்ணா, யாருக்கும் வருவதுதான் என்று அவரையே தேற்றினாள். அவர் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினாள். அந்தப் பரிசோதனையில் இருந்த எலிகளின் வால் நுனி, தொண்ணூற்றாறும், உறைகுளிர்ப் பெட்டியில் இருந்தன. மரபணுச் சோதனை செய்தால் எது ஆண் எது பெண் என்று நிச்சயமாகத் தெரிந்துவிடும், அதையும் சேர்த்து அனுப்பினால் பேச்சுக்கே இடமில்லை என்று எடுத்துக்கொண்டு போனாள். அது எனக்கு உறைக்கவே இல்லை. அப்பாடா என்று இருந்தது.

அந்தக் காகிதத்தின் நகல் எங்கள் பெரிய அலுவலகத்துக்கும் போயிருந்தது, அவள் போன நாலாம் நாள் அங்கிருந்து உத்தரவு வந்தது. பிரிப்பவரின் கண்ணை நம்ப முடியாது என்றால், அவர் எழுதிய வம்சாவளியை எப்படி நம்புவது? எந்த அண்ணனை எந்தத் தங்கையோடு சேர்த்தார் என்று யாருக்குத் தெரியும்? கறுப்பு வம்சம் முழுவதையும் கொன்று அப்புறப்படுத்திவிட்டு, வெளியிலிருந்து புது எலி வாங்குவது என்று முடிவு. நானூற்றுப் பன்னிரண்டு எலி. குட்டி போடும் அறைக்கு வேறு ஆள் கிடையாது, அதனால் அவரே செய்ய வேண்டும்.

நினைத்துப் பார்த்தோமா? இரண்டு பேரும் நினைக்கவில்லை. ஒரு பொய் சொன்னால் அதோடு போய்விடும் என்று இருந்தோம்.

இரண்டு நாள் ஆனது. கண்ணாடிப் பெட்டி, வாயு உருளை. ஒரு தடவைக்குப் பத்து எலி. பால் கொடுத்துக்கொண்டிருந்தவற்றைக் குட்டிகளோடு சேர்த்தே வைத்தார். காலி கூண்டுகளை வண்டியில் அடுக்கி அவரே என்னிடம் தள்ளிக்கொண்டு வருவார், நான் வாங்கிக் கழுவுவேன். எந்த நிமிஷத்திலும் நிறுத்தியிருக்கலாம். முன்பக்கத்துக்குப் போய், அவர் கண் நன்றாகத்தான் இருக்கிறது, பஞ்சுதான் காரணம், எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்று சொன்னால் மீதி எலியாவது பிழைத்திருக்கும். முதல் நாள் சாயங்காலம் பாதிக்கு மேல் மீதி இருந்தது. அவர் வண்டியை விட்டுவிட்டு ஏதோ கேட்க வருகிற மாதிரி என் பக்கத்தில் வந்து நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஐந்தாம் நாள் அந்தப் பெண் வந்தாள். கையில் சோதனை முடிவு. குட்டி அறைக் கதவைத் திறந்து பார்த்தாள், கறுப்பு எலி அடுக்குகள் காலியாக இருந்தன. விஷயம் அவளுக்குத் தெரியாது, வெளியூரில் இருந்தாள். யாரோ சொன்னார்கள். நேராக வாலண்ணனிடம் வந்து காகிதத்தை நீட்டினாள்.

“தொண்ணூத்தாறும் சரியா இருக்குண்ணா. ஒண்ணுகூட மாறலை. ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கோட்டுப் பை, சிவப்பு அட்டை, காலை ஆறு மணி, இரண்டாவது தவணையில் தெரிந்தே போட்டது. ஒன்றையும் குறைக்கவில்லை. நான் கூண்டு துடைக்கும் துணியோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், அடித்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் எவ்வளவு பஞ்சு என்று கேட்டாள். விரலால் காட்டினார்.

“அவ்வளவுதானா?” என்றாள். “அண்ணா, அன்னைக்கே சொல்லியிருந்தா அதுதான் கண்டுபிடிப்பு. அதே விஷத்துலேருந்து வெறும் சூடு காப்பாத்துதுன்னா எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? ஆணுக்கும் போட்டுப் பார்த்திருப்பேன். மனுஷங்களுக்கே அதுல ஏதாவது கிடைச்சிருக்கும். இப்பப் பார்க்க எலி எங்க இருக்கு?”

பொய்யால் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேனே, அவளிடம் இருந்த ஒரே நல்ல விஷயத்தை அவரைக் கொண்டே கொல்ல வைத்தேன். இதை அன்று அவளிடம் சொல்லவில்லை, இன்றுதான் எழுதுகிறேன்.

போவதற்கு முன்னால் அவள் கேட்டாள், இது வேறு யாருக்காவது தெரியுமா என்று. அவள் கேட்டது அவரைத்தான், ஆனால் நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

“யாருக்கும் தெரியாதும்மா,” என்றார் வாலண்ணன்.

மறுநாள் முன்பக்கத்து அறையில் அவரை உட்கார வைத்து வாக்குமூலம் எழுதச் சொன்னார்கள். அந்தக் காகிதம் போனால்தான் அந்தப் பெண் பொய்க்காரி இல்லை என்று ஆகும். கோணல்மாணலான கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதினார். பஞ்சு போட்டது நான், மறைத்தது நான், கண் சரியில்லை என்று பொய் சொன்னது நான், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்க, அன்றோடு அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவளுக்கு வேலை போகவில்லை, முடிவை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

வாக்குமூலத்துக்குச் சாட்சி வேண்டும், அவரோடு வேலை பார்க்கிறவர் யாராவது இருந்தால் நல்லது என்றார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார், பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். மேலே உள்ளது முழுவதும் உண்மை என்று நான் அறிவேன் என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.